பெருநாள் வாரத்தில் பார்த்த வீடு

நாங்கள் அந்த வீட்டைப் பார்க்கப் போனது நோன்புப் பெருநாளுக்கு மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்கு. செத்தாப்பாக்கில் ஒரு கொண்டோவின் பதினான்காவது மாடி. வீட்டு முகவர் பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, "கேளுங்கள், ஒரு சத்தமும் இல்லை" என்றார். உண்மைதான். காற்றும், எங்கோ கீழ்மாடியில் ஒரு குழந்தையின் அழுகையும் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. எதிரே சுமார் தொண்ணூறு மீட்டர் தள்ளி, தூண்களின்மேல் ஓடும் நெடுஞ்சாலை வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலின் விலை 3,200 வெள்ளி.

என் கூச்சத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தத்தை அளப்பது என் பிழைப்பு. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். 2019 ஜூனில் நடப்புக்கு வந்த தொழிலிட இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு தொழிலாளியின் காதுக்கு 85 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது. 82 ஐத் தாண்டினாலே அது மிகை இரைச்சல் என்று பதிவாக வேண்டும். இயந்திரங்களுக்கு நடுவே மானியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நான், சொந்தத் தங்கைக்கு வீடு பார்க்கும்போது வெறும் காதை நம்பினேன். அதுவும் ஆண்டிலேயே கோலாலம்பூர் மிக அமைதியாக இருக்கும் வாரத்தில்.

வீட்டில் இருக்கப் போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை அவர்களைப் பற்றியதுதான். தங்கை தனியார் மருத்துவமனை ஒன்றில் தாதி. மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. ஒன்பது மணிக்குப் போனால் மறுநாள் காலை ஏழுக்குத்தான் விடுதலை. வீடு வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒன்பதரை மணிவாக்கில் படுத்தால் மூன்று மணி வரை அவளுக்கு இரவு. மாப்பிள்ளைக்கு அலுவலக வேலை, எல்லாரையும் போல இரவில் தூங்குபவர். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்போடு வாழ்ந்தவர், குடும்பத்தோடு ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர். காது கொஞ்சம் மந்தம். பட்டறைக் காதுகளின் கேட்கும் திறனில் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் என்னும் உயர்ந்த சுருதிப் பக்கம்தான் பள்ளம் விழும். பேச்சு கேட்கும், ஆனால் பேத்தியின் கீச்சுக்குரல் பாதிதான் கேட்கும். அவரைப் போன்ற காதுகளைப் பரிசோதனைத் தாளில் வாரந்தோறும் பார்க்கிறேன்.

குடியேறி ஒன்பதாம் நாள் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்" என்றாள். யாரும் தட்டவில்லை.

டடக்

அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். காலை பத்து மணி. பால்கனியில் நின்றபோது, பெருநாள் வாரத்தில் வெறும் சிமெண்டு வரியாகக் கிடந்த அந்த மேம்பாலச் சாலை முழு உடம்போடு எழுந்து நின்றது. கார்களின் இரைச்சல் ஒரு பக்கம். அது ஆறு ஓடுவதுபோல ஒரே சீராக இருந்தது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் நடுவே ஒரு தட்டல்: டடக். சற்று விட்டு மீண்டும் டடக். பாலத்தின் இரண்டு தளத்துண்டுகள் சேரும் இடத்தில், வெயிலில் சிமெண்டு விரிவதற்காக இடைவெளி விட்டு இரும்பு பொருத்தியிருப்பார்கள். அந்த இரும்பின்மேல் முன்சக்கரம் ஏறும்போது ஒன்று, பின்சக்கரம் ஏறும்போது ஒன்று. கார் என்றால் இரட்டைத் தட்டல். பல அச்சுகள் கொண்ட கொள்கலன் லாரி வந்தால் டட-டக்-டடடக் என்று ஒரு தவில்காரர் கையைச் சூடாக்கிக்கொள்வதுபோல நீளும். பத்து நிமிடத்தில், படுக்கையறைக்குள் கதவடைத்துக்கொண்டு, தெளிவாகக் கேட்ட தட்டல்களை எண்ணினேன். நாற்பத்தொன்று.

பெருநாளின்போது இது ஏன் கேட்கவில்லை? எனக்கு வந்த முதல் பதிலே தவறு: "வண்டிகள் பாதியாகக் குறைந்திருந்தன, அதனால்தான்." வண்டிகள் பாதியானால் சராசரி 3 டெசிபெல்தான் குறையும், மனிதக் காது அதைச் சிரமப்பட்டுத்தான் உணரும். சத்தம் பாதியானதுபோலத் தோன்ற 10 டெசிபெல் குறைய வேண்டும், அதற்குப் பத்து வண்டிகளில் ஒன்பது காணாமல் போக வேண்டும். உண்மைக் காரணம் லாரிகள். பெருநாள் காலங்களில் விபத்துகளைக் குறைக்க, கனரகச் சரக்கு வாகனங்கள் சாலைக்கு வரக்கூடாது என்று சில நாள்களுக்குத் தடை போடுகிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கனரக லாரி எழுப்பும் ஒலியாற்றல் ஏறத்தாழப் பத்துக் கார்களுக்குச் சமம். ஆக நாங்கள் பார்த்தது, பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த சாலையை. தடை முடிந்தது, நகையும் திரும்பிப் போய்விட்டது.

மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். சத்தத்தைப் பற்றிக் கேட்டதும் வியந்தார்: "சத்தமா? எங்களுக்கு அவ்வளவு இல்லையே." அவர் பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலையின் தளம் ஐந்தாம் மாடி உயரத்தில் ஓடுகிறது. அதன் சிமெண்டுக் கைப்பிடிச் சுவர் கீழ்மாடிகளுக்கு ஒரு திரை. சத்தம் எழும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாதபடி ஒரு சுவர் மறைத்தாலே சுமார் 5 டெசிபெல் குறைந்துவிடும். பதினான்காம் மாடியிலிருந்து பார்த்தால் சாலை ஒரு தட்டில் வைத்ததுபோல முழுவதும் தெரியும். 'மேலே போகப் போக அமைதி' என்று நாங்கள் நம்பி, அதற்காகவே மாதம் நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மானி சொன்னதும் அவள் சொன்னதும்

அலுவலக மானியை மேலாளரிடம் சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். 94 டெசிபெல் ஒலி எழுப்பும் சிறு கருவியை வைத்து அதைச் சரிபார்த்தேன். படுக்கையறையின் நடுவே, தலையணை உயரத்தில், ஜன்னல் மூடிய நிலையில் அரை மணி நேரம். சராசரி 41. தட்டல்களின் உச்சம் 54.

41 என்றால் நூலகம். இந்த எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் நீட்டியிருந்தால், "இதைவிட அமைதியான வீடு வேண்டுமா?" என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட வழிகாட்டியில் படுக்கையறைக்கென்று இரண்டு எண்கள் இருக்கின்றன: தொடர்ந்து ஒலிக்கும் சத்தம் 30, தனித்தனியாக எழும் சத்தத்தின் உச்சம் 45. இரண்டாவது எண் எதற்கு என்பது தங்கையின் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. தூக்கத்தைக் கலைப்பது சராசரி இல்லை. திடீரென்று தலை தூக்கும் ஒவ்வொரு சத்தமும்தான்.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கைத் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்வேன். ஒரு மணி நேரம் முழுதும் 45 டெசிபெல் அமைதி. நடுவில் ஒரே ஒரு ரயில், பதினைந்து விநாடி, 78 டெசிபெல். அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி என்ன? ஏறத்தாழ 55. அந்த வீட்டில் இருப்பவர் 55 டெசிபெல்லை ஒரு விநாடிகூடக் கேட்டிருக்கமாட்டார். ஒன்று 45, இல்லையேல் 78. இடையில் இருக்கும் எண், கணக்கில் மட்டும் குடியிருக்கிறது.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. நம் சுற்றுச்சூழல் துறையின் இரைச்சல் வழிகாட்டி பகல் என்பதைக் காலை ஏழு முதல் இரவு பத்து வரை என்றும், இரவு என்பதைப் பத்து முதல் ஏழு வரை என்றும் பிரிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018 இல் தந்த பரிந்துரையிலும் இரவுக்குத் தனி எண் உண்டு: சாலைச் சத்தம் வீட்டுக்கு வெளியே 45 க்குள், ரயில் 44 க்குள், விமானம் 40 க்குள். இந்தக் கடுமையான எண்கள் எல்லாம் ஊர் தூங்கும் நேரத்துக்கானவை. தங்கையின் இரவு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிகிறது. எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் அது பகல் கட்டத்தில்தான் விழும். அவளைக் காப்பாற்ற எந்த எண்ணும் எழுதப்படவில்லை. காவலாளிகள், தாதிகள், தொழிற்சாலைச் சுழல்வேலைக்காரர்கள், விமான நிலையத்தில் வேலை செய்வோர் என்று நம் மக்களில் எத்தனை பேர் இப்படிப் பகலில் தூங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு செய்த வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தடித்த திரைச்சீலை வாங்கினோம். வெளிச்சம் போனது, சத்தம் போகவில்லை. எடையில்லாத எதுவும் சத்தத்தைத் தடுக்காது. சுவரில் ஒட்டும் முட்டைப்பெட்டிப் பஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியிலிருந்து வருவதை ஒன்றும் செய்யாது. அதை வாங்காமல் நான் தடுத்ததுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம். ஜன்னல்தான் பலவீனமான இடம். இழுத்து மூடும் அலுமினிய ஜன்னல். ஜன்னல் ஓடும் தடத்தின் அடியில் விரல் நுனி நுழையும் இடைவெளி. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதிக் கண்ணாடி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. ரப்பர் பட்டை ஒட்டினோம். கொஞ்சம் குறைந்தது. உள்பக்கம் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டாவது கண்ணாடி போட்டால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வாடகை வீட்டில் யார் அந்தச் செலவைச் செய்வது? எல்லாவற்றையும்விட வேலை செய்தது ஒரு பழைய மேசை மின்விசிறி. கட்டிலுக்குப் பக்கத்தில் அது ஓடும்போது அறையின் அடிச்சத்தம் 46 க்கு ஏறியது. தட்டல்கள் அதற்குமேல் எட்டு டெசிபெல்தான் தலை நீட்டின. சத்தத்தைக் கூட்டித் தூங்க வைத்தோம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதுவும் ஆறு வாரம்தான். ஒரு நாள் இரவு வேலையில் மருந்து அளவை இரண்டு முறை தப்பாகப் படித்ததாகச் சொன்னாள். உடன் வேலை செய்தவர் பார்த்துத் திருத்தியிருக்கிறார். அன்றே வீட்டை விடுவது என்று முடிவானது. ஓராண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்ததால் இரண்டு மாத முன்பணம் போனது. மின்சாரத்துக்கும் நீருக்கும் கட்டிய அரை மாதப் பணம் மட்டும் திரும்பி வந்தது.

இரண்டாவது தேடல்

இந்த முறை முகவரைக் கூப்பிடுவதற்கு முன் வரைபடத்தை விரித்தோம். மாப்பிள்ளையின் அலுவலகம், தங்கையின் மருத்துவமனை, பேத்தியின் தமிழ்ப்பள்ளி மூன்றுக்கும் தோதான இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி என்ன ஓடுகிறது என்று பார்த்தோம். ரயில் பாதை, இலகு ரயில், நெடுஞ்சாலை, விமானப் பாதை. வரைபடத்தில் தெரியாதவை சில: பஸ்கள் முனகிக்கொண்டு நிற்கும் கடைசி நிறுத்தம், வண்டிகள் கியர் மாற்றி ஏறும் மேடு, சிவப்பு விளக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு இரைச்சல் வரைபடம் தயாரித்து ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது. எங்கள் கையில் இருந்தது ஒரு பேனாவும் மாமாவின் நினைவாற்றலும்.

மாமா என்று நான் அழைப்பது மாப்பிள்ளையின் அப்பாவை. அவருக்கு இந்தத் தேடலே வேடிக்கையாக இருந்தது. "ரயில் சத்தம் ஒரு சத்தமா தம்பி? கம்பிச்சடக்கு ஓரத்தில்தான் ஐந்து பிள்ளைகளும் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். ரயில் வராத அன்றுதான் எங்களுக்கு விழிப்பு வரும்" என்பார். சிரித்துக்கொண்டேன், ஆனால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஜெர்மனியில் பல ஆண்டுகளாக இதே நம்பிக்கை சட்டமாகவே இருந்தது: ரயில் சத்தம் சாலைச் சத்தத்தைவிடத் தொந்தரவு குறைந்தது என்று சொல்லி, புதிய ரயில் பாதைகளைக் கணக்கிடும்போது 5 டெசிபெல் சலுகை கொடுத்தார்கள். தூக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் பெருகிய பிறகு, 2015 இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். மனம் பழகிவிடும், விழிக்காமலே தூங்குவோம். ஆனால் ரயில் கடக்கும்போதெல்லாம் தூங்குபவரின் நாடித்துடிப்பு கொஞ்சம் எகிறத்தான் செய்கிறது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "எழுபத்தாறு வயது வரை எகிறியிருக்கிறது, இன்னும் நிற்கவில்லையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் பார்த்தது செகாம்புட் பக்கம் ஒரு வீடு. பிரதான ரயில் பாதைக்கு அருகில். பயணிகள் ரயில் அட்டவணையை வைத்துப் பார்த்தால் நள்ளிரவுக்குப் பின் அமைதி. ஆனால் அட்டவணையில் சரக்கு ரயில் இருக்காது. வடக்கே பாடாங் பெசாரிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன்கள் இந்தப் பாதையில்தான் கோலாலம்பூரைக் கடக்கின்றன. வாசலில் இருந்த நேப்பாளக் காவலாளியிடம் கேட்டதும் கையை நீட்டி நீட்டிக் காட்டினார், ரயில் எவ்வளவு நீளம் என்று. எத்தனை மணிக்கு என்றேன். இரண்டு, மூன்று என்று விரல் மடக்கினார். தங்கைக்கு அந்த நேரம் வேலை நேரம், பிரச்சினை இல்லை. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் அது நடுத்தூக்கம். ஒரு வீட்டில் இரண்டு இரவுகள் இருக்கின்றன என்பதை அங்கேதான் தெளிவாகப் புரிந்துகொண்டோம். இதன்பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நேரத்தில் போனோம். காவலாளிகளைப் போல உண்மை சொல்பவர்கள் கிடைக்கமாட்டார்கள். அவர்களுக்கு வீட்டை விற்க வேண்டிய அவசியம் இல்லை, இரவெல்லாம் விழித்திருப்பவர்களும் அவர்கள்தான்.

சுபாங் பக்கம் பார்த்த வீட்டைக் கைவிட அதிக நேரம் ஆகவில்லை. விமானங்களைக் கைப்பேசியில் பின்தொடரும் செயலியைத் திறந்து ஒரு பகல் முழுக்க வைத்திருந்தாலே ஓடுபாதைக்கு நேர்க்கோட்டில் எந்தத் தாமான்கள் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். 1998 ஜூனில் சிப்பாங் விமான நிலையம் திறந்த பிறகு சுபாங்கின் பழைய விமான நிலையம் சற்று அடங்கியிருந்தது. 2024 ஆகஸ்டில் ஜெட் பயணிகள் விமானங்கள் மீண்டும் அங்கே வரத் தொடங்கின. நேற்றைய அமைதியை நம்பி வாடகை பேச முடியாது. விமானச் சத்தத்துக்குச் சுவரும் திரையும் இல்லை, வானத்திலிருந்து கூரையின்மேல் விழுவதை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தடுப்பது? பகலில் தூங்குகிறவளுக்கு அது ஒத்துவராது.

ஜாலான் ஈப்போவில் கடைவீட்டின் மேல்மாடி ஒன்று எனக்கு நல்ல பாடம். வாடகை குறைவு, கீழே சாப்பாட்டுக் கடை, பள்ளி நடக்கும் தூரம். மானி வைத்தால் எண் ஒன்றும் மோசமில்லை. ஆனால் தங்கை அறைக்குள் நுழைந்ததும், "ஏதோ நெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது" என்றாள். கண்ணாடிப் பலகைகளை அடுக்கிய பழைய ஜன்னல். கீழே சிவப்பு விளக்கில் பஸ் நிற்கும்போதெல்லாம் அந்தப் பலகைகள் சட்டத்துக்குள் நடுங்கின. கையை வைத்தேன், விரலில் தெரிந்தது. மானி வழக்கமாகக் காட்டும் 'ஏ' எடையளவு, மனிதக் காதின் போக்கைப் பின்பற்றி, தாழ்ந்த சுருதி ஒலிகளை மிகக் குறைத்துக் கணக்கில் எடுக்கும். அவற்றை அவ்வளவாகக் குறைக்காத 'சி' அளவுக்கு மாற்றிப் பார்த்தேன். இரண்டுக்கும் இடையே இருபது டெசிபெல் வித்தியாசம். பஸ் எஞ்சின் முனகல் அத்தனையும் அந்த இருபதில் ஒளிந்திருந்தது. தொழிற்சாலையில் காற்றழுத்தி அறைகளில் பார்ப்பதுதான்; வீட்டில் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அங்கே சனிக்கிழமை பின்னிரவில் புகைக்குழாய் மாற்றிய மோட்டார் சைக்கிள்கள் பச்சை விளக்குக்குக் காத்திருந்து பாய்ந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாகன இரைச்சலுக்கு 1987 ஆம் ஆண்டிலேயே சட்டவிதி வந்துவிட்டது. அது வண்டியை அளக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி உங்கள் ஜன்னலைக் கடக்கிறது என்று அளக்காது.

இதற்குள் முகவர்கள் மத்தியில் எங்களுக்கு ஒரு பெயர் வந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் பேசாமல் உட்காருவோம். தாளில் கோடு போடுவோம்: தலை தூக்கிய சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஒரு முகவர் பொறுமை இழந்து, "நீங்கள் வீடு பார்க்க வந்தீர்களா, தூங்க வந்தீர்களா?" என்று கேட்டுவிட்டார். தங்கை கொஞ்சமும் யோசிக்காமல், "தூங்கத்தான்" என்றாள்.

மானி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியோஷ் என்னும் அமெரிக்க அரசு ஆய்வுக் கழகம் இலவசமாக ஒரு செயலி தருகிறது. ஐஃபோனில் மட்டும் வேலை செய்யும், ஆய்வகச் சோதனையில் 2 டெசிபெல்லுக்குள் சரியாக இருந்திருக்கிறது. மற்றக் கைப்பேசிகளில் ஒலிவாங்கி ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அதே கைப்பேசியை நீங்கள் இப்போது இருக்கும் வீட்டின் படுக்கையறையிலும் வைத்துப் பாருங்கள். அங்கே 38 காட்டி, புதிய வீட்டில் 47 காட்டினால், இரண்டு எண்ணுமே தவறாக இருந்தாலும் இடையிலுள்ள ஒன்பது பெரும்பாலும் சரி. மழையில் அளக்காதீர்கள், ஈரச் சாலையில் டயர் சீறும். பள்ளி விடுமுறையில், பெருநாள் வாரத்தில் அளக்காதீர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். பக்கத்து வீடுகளையும் பாருங்கள்: சாலைப் பக்கம் ஜன்னல்கள் நிரந்தரமாக மூடிக் கிடக்கின்றனவா, பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறார்களா, ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்தால் கறுப்பாக எண்ணெய்ப் பசையோடு ஒட்டுகிறதா. டயர்த்தூசும் புகைக்கரியும் படிந்த இடத்தில் சத்தமும் படிந்திருக்கும்.

கடைசியாகக் கிடைத்தது, நான் வரைபடத்தில் முதலிலேயே அடித்துவிட்ட இடம். பத்து கெண்டோன்மென் நிலையத்துக்கு அருகே, பத்துமலைக்குப் போகும் மின்ரயில் பாதையிலிருந்து நூற்று முப்பது மீட்டரில் ஐந்து மாடிப் பழைய அடுக்குமாடி. மின்தூக்கி இல்லை. மாமாதான் பிடிவாதம் பிடித்தார். போய்ப் பார்த்தால், கட்டடம் பாதைக்கு முகம் காட்டி நீளமாக நிற்கிறது. கூடம் ரயில் பக்கம், படுக்கையறைகள் பின்பக்கம், பின்னால் பள்ளித் திடலும் மாமரங்களும். மாமரத்தால் ஒன்றும் ஆகாது, முப்பது மீட்டர் அடர்ந்த காடு இருந்தால்தான் நாலைந்து டெசிபெல் குறையும். ஆனால் கட்டடமே ஒரு பெரிய தடுப்புச் சுவர். கூடத்தில் ரயில் வருவது தெளிவாகக் கேட்டது. அதே ரயில் பின்னறையில் யாரோ தூரத்தில் துணி உதறுவதுபோல இருந்தது. நிலையம் அருகில் என்பதால் ரயில்கள் வேகம் குறைத்து வருகின்றன. வேகம் இரட்டிப்பானால் தண்டவாளச் சத்தம் 9 டெசிபெல் கூடும் என்பதால் அதுவும் எங்களுக்குச் சாதகம். சக்கரங்கள் கீச்சிடும் கூர்மையான வளைவு அங்கே இல்லை. புதிதாக எதுவும் வரப்போகிறதா என்றும் பார்த்தோம். பெருவிரைவு ரயிலின் வட்டப்பாதைத் திட்டம் 2024 இல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் கோடு தித்திவங்சா வழியாகப் போகிறது, எங்கள் ஜன்னல் பக்கம் வரவில்லை. இந்தத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் பாதையோரக் குடியிருப்புகளில் எடுத்த இரைச்சல் அளவுகளும் இருக்கும். வீடு வாங்குபவர்கள் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. நாங்கள் வாடகைக்குத்தானே என்று மேலோட்டமாகப் பார்த்தோம்.

தைப்பூசத்தின்போது இந்தப் பாதையில் இரவும் பகலும் ரயில் ஓடும். அதைச் சொல்லி எச்சரித்தபோது, "அன்றைக்கு நாமே அந்த ரயிலுக்குள்தான் இருப்போம்" என்றார் மாமா.

மானி நல்ல எண்களைக் காட்டியது. ஆனால் நான் ஒரு முறை சூடுபட்டவன். வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். இரவு வேலை முடித்து வரும் ஒரு காலையில், காலி வீட்டில் என் தங்கை படுத்துப் பார்க்க அனுமதிப்பீர்களா என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் வீட்டிலிருந்து ஒரு பாயும் தலையணையும் எடுத்து வந்து, பின்னறையில் தானே விரித்துக் கொடுத்தார். தங்கை பத்து மணிக்குப் படுத்தாள். நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கடந்த ரயில்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு ஒப்பந்தத்தாளோடு வீட்டுக்காரம்மா வந்தார். நான் கதவைத் தட்டினேன்.

"என்ன அண்ணா, அதற்குள் எழுப்பிவிட்டீர்கள்?" என்றாள். என் தாளில் பன்னிரண்டு கோடுகள் இருந்தன. அவள் ஒன்றையும் கேட்டிருக்கவில்லை.

குடிபோய் எட்டு மாதம் ஆகிறது. கூடத்துச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது ரயில் வந்தால் ஒரு வாக்கியம் போய்விடும். மாமா பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருப்பார், கேட்காத காதுக்குக் கண் உதவுகிறது. போன மாதம் மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தபோது, துணைக்கு நான் அங்கே கூடத்தில் படுத்தேன். பின்னிரவு இரண்டு மணிக்கு வீடே உறுமியது. எழுந்து பால்கனிக்கு ஓடினேன். ரயில் ஓடாத நேரம் பார்த்துத் தண்டவாளத்துச் சரளைக் கல்லைக் குத்திச் சீர்படுத்தும் மஞ்சள் இயந்திரம், விளக்குகளைப் போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம். பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தேன், குழந்தை அசையவில்லை. மாமாவின் குறட்டை நிற்கவில்லை. தங்கை மருத்துவமனையில் இருந்தாள். அந்த வீட்டில் அன்றிரவு தூக்கம் கெட்டவன் நான் ஒருவன்தான்.